தரையில் உட்காரும் வீட்டுக்கு என்ன ஸ்டைல்?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

மேடவாக்கத்தில் 860 சதுர அடியில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் வாங்கியிருக்கிறோம். எங்கள் இருவருக்கும் இதுதான் முதல் சொந்த வீடு. பல மாதமாக போனில் படங்களாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் வெள்ளைச் சுவரும் வெளிர் மரமுமான ஸ்காண்டிநேவிய வீடு பிடிக்கிறது. மறுநாள் செட்டிநாட்டுத் தூண் பிடிக்கிறது. என் கணவருக்கு ஹோட்டல் ரூம் மாதிரி பளபளவென்று இருக்க வேண்டும். ஒரு நிறுவனம் ஃபால்ஸ் சீலிங், டிவி யூனிட், வார்ட்ரோப், கிச்சன் எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சத்துக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. "உங்க ஸ்டைல் என்ன மேடம்?" என்று கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமியார் கொடுத்த தேக்கு பீரோவும் தாத்தாவின் பிரம்பு சாய்வு நாற்காலியும் வேறு இருக்கின்றன. இவற்றை எல்லாம் வைத்துக்கொண்டு எந்த ஸ்டைலுக்குப் போவது?

- வாசகி, மேடவாக்கம்

கொட்டேஷனில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் இருப்பவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குடியேறிய பிறகு செய்தால் வீட்டையே உடைத்துக் கொட்ட வேண்டிய வேலைகள் ஒரு பக்கம்: கூடுதல் ஸ்விட்ச் பாயின்ட், ஏசி பைப், கிச்சன் மேடை, பாத்ரூம். இவற்றை இப்போதே, நல்ல பொருளில் செய்துவிடுங்கள். சிங்க் அடியில் வரும் பெட்டிக்கு மட்டும் பிடிவாதமாக இருங்கள். ப்ளைவுட்டில், தண்ணீர் தாங்கும் ரகம் என்பதற்கான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பலகை வெட்டுவதற்கு முன்பே நீங்களே பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு வைத்தால் ஒரு சின்னக் கசிவு போதும், அப்பளம் மாதிரி உப்பிவிடும். துணி வைக்க ஒரு வார்ட்ரோப் வேண்டும், ஜன்னலுக்குக் கொசுவலை வேண்டும், அவற்றையும் செய்துகொள்ளுங்கள். மீதி எல்லாம் இன்னொரு பக்கம். அவை ஒரு வெயில் காலத்தையும் ஒரு மழைக் காலத்தையும் அந்த வீட்டில் கழித்த பிறகு முடிவு செய்ய வேண்டியவை.

இப்படிச் சொன்னால் நிறைய பேருக்குப் பயம் வருகிறது. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு என்ன சொல்வார்களோ என்று. அவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சுவரோடு தினம் இருக்கப்போவது நீங்கள்தான்.

ஸ்டைல் விஷயத்துக்கு வருகிறேன். படம் சேர்ப்பது தப்பில்லை. ஆனால் அந்த வீடு எந்த ஊர் வெயிலில் இருக்கிறது என்பது படத்தில் தெரியாது. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதத்தில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைச் சுவரெல்லாம் பரப்பத்தான் அவர்கள் வெள்ளை அடிக்கிறார்கள். ஜன்னலுக்குத் திரை கூடப் போடாமல் விடுகிறார்கள், வெளிர் மரத்தில் மேஜை செய்கிறார்கள். மேடவாக்கத்தில் நமக்கு இருக்கும் தொல்லையே வேறு. சித்திரை மதியம் மேற்கு ஜன்னல் வழியாக வருகிற வெயில், வெள்ளைச் சுவரிலும் தந்த நிற டைல்ஸிலும் பட்டுக் கண்ணைக் கூசும். நம் பழைய வீடுகள் வெளிச்சத்தை வடிகட்டித்தான் உள்ளே விட்டன. திண்ணை, தாழ்வாரம், கண்ணுக்கு இதமான சிவப்பு ரெட் ஆக்சைடு தரை, மேலும் கீழும் தனித்தனிக் கதவு வைத்த ஜன்னல் எல்லாமே அதற்குத்தான். உங்களுக்கு அந்த ஸ்காண்டிநேவியப் படத்தில் உண்மையில் பிடித்தது எது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது வெள்ளை நிறமாக இருக்காது. பொருள்கள் குறைவாக இருப்பதும், மரம் மரமாகவே தெரிவதும்தான் பிடித்திருக்கும். அந்த இரண்டும் நம் ஊரிலும் உண்டு. செட்டிநாட்டுப் படத்தில் பிடித்ததும் அதே மரமாக இருக்கலாம். அப்படியானால் நீங்கள் குழம்பிப்போய் இருப்பதாக நினைக்கும் இரண்டு ரசனைகளும் ஒன்றேதான்.

அடுத்து, வாடகை வீட்டில் இருக்கும் இந்தக் கடைசி நாட்களில் ஒரு வேலை செய்யுங்கள். இரவு எட்டரை மணிக்கு ஹாலில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். நான் வேலை செய்த வீடுகளில் பாதிக்கு மேல் ஒரே காட்சிதான். ஐம்பதாயிரம் ரூபாய் சோஃபா இருக்கும். அதன் மேல் துவைத்த துணி மடிக்காமல் கிடக்கும். வீட்டு ஆட்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து, சோஃபாவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தட்டை மடியில் வைத்துத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். விருந்தாளி வந்தால் மட்டும் எல்லோரும் எழுந்து சோஃபாவுக்குப் போவார்கள். உங்கள் வீடும் இப்படித்தான் என்றால், உங்களுடையது தரையில் உட்காரும் குடும்பம். அதற்கு ஏற்ற ஹால் வேறு மாதிரி இருக்கும். மூன்று பேர் உட்காரும் சோஃபா ஒன்றைக் கைவிட்டு, ஒரு அடிக்குச் சற்று மேலே உயரமுள்ள திவான் ஒன்று போடுங்கள். கீழே பவானி ஜமுக்காளம், சாய்ந்துகொள்ளக் கெட்டியான திண்டு இரண்டு. டிவியை மாட்டும்போது, தரையில் உட்கார்ந்த கண்ணுக்கு நேராக இறக்கி மாட்டச் சொல்லுங்கள். நின்றுகொண்டு அளவெடுக்கும் ஆள் எப்போதும் ஒரு முழம் மேலே மாட்டிவிடுவார், உங்கள் கழுத்து வலிக்கும். சுவரில் படம் மாட்டுவதற்கும் இதே கணக்குதான்.

தாத்தாவின் நாற்காலியை ஜன்னல் ஓரம் போடுங்கள். பிரம்பு தொய்ந்திருந்தால் பின்னுகிற ஆளைத் தேடிப் பிடித்து மறுபடி பின்னிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாரில் பின்னித் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். வெயில் காலத்தில் முதுகு வேர்க்காமல் இருப்பதற்குத்தான் அது பிரம்பாக இருக்கிறது. பீரோ தேக்கு என்கிறீர்கள். பழைய பீரோக்களில் நாலைந்து தடவை எனாமல் பெயின்ட் ஏறியிருக்கும். ஆசாரியிடம் கதவின் உள்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மரம் நன்றாக இருந்தால் முழுதும் சுரண்டிப் பாலிஷ் போடலாம். அந்த மரத்தின் நிறம் கண்ணில் பட்ட பிறகு வீட்டுக்கு வேறு எந்த மரம் வாங்குவது என்ற கேள்விக்கே இடம் இருக்காது. அதோடு சேருகிறதை வாங்குவீர்கள், சேராததை விட்டுவிடுவீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற ஒரு நல்ல பொருளிலிருந்து தொடங்குவதுதான் எனக்குத் தெரிந்து மிக நேரான வழி. உங்களிடம் இரண்டு இருக்கின்றன. அவற்றை எங்கே ஒளித்துவைப்பது என்று தயவுசெய்து யோசிக்காதீர்கள்.

நிறத்துக்கு உங்கள் புடவை அலமாரியைத் திறந்து பாருங்கள். பரிசாக வந்ததை ஒதுக்கிவிட்டு, நீங்களே காசு கொடுத்து வாங்கியதை மட்டும் கட்டிலில் விரியுங்கள். இரண்டு மூன்று நிறங்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவைதான் உங்களுடையவை. எவ்வளவு போடுவது என்பதற்கும் அந்தப் புடவையே வழி காட்டும். உடல் ஒரு நிறம், கரை இன்னொன்று, முந்தானையில் மட்டும் கைவேலை எல்லாம் சேரும். சுவரும் தரையும் உடல். பில்டர் தந்த நிறத்தையே அங்கே வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் திரை, திவான் விரிப்பு, வார்ட்ரோப் கதவு எல்லாம் கரை. முந்தானை ஒரே இடத்தில்தான்: பூஜை மாடமோ, அந்த பீரோ நிற்கும் சுவரோ. எல்லாச் சுவரிலும் முந்தானை வேலை செய்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போய் உட்காரவே முடியாது.

உங்கள் கணவர் சொல்லும் ஹோட்டல் ரூமைத் தள்ளிவிடாதீர்கள். அவருக்கு என்ன பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். கட்டில் பக்கத்திலேயே ஸ்விட்ச், தலைமாட்டில் படிக்க ஒரு மஞ்சள் விளக்கு, மேஜை மேல் ஒரு பொருளும் இல்லாமல் இருப்பது, அழுத்தமான திரை. அநேகமாக இவைதான் இருக்கும். படுக்கையறையில் இவை அத்தனையும் அவருக்குச் செய்து கொடுக்கலாம், செலவும் குறைவு. பளபளக்கும் லேமினேட்டை மட்டும் அவரிடம் பேசிப் பாருங்கள். கைரேகை விழுகிறது, கீறல் மறைவதே இல்லை. மேட் ஃபினிஷ் பத்து வருஷம் தாங்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் கோலமாவை எடுத்து, புது வீட்டின் தரையில் அந்தப் பொருளின் அளவுக்குக் கோடு போடுங்கள். திவானுக்கு ஆறு அடிக்கு மூன்று அடி. அதற்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் நடக்க இரண்டரை, மூன்று அடி மிஞ்ச வேண்டும். பால்கனிக் கதவைத் திறந்து பாருங்கள். கையில் பக்கெட்டோடு கோடு மிதிபடாமல் நடந்து பாருங்கள். ஷோரூமில் எல்லாமே சின்னதாகத்தான் தெரியும், அங்கே கூரை இருபது அடி உயரத்தில் இருக்கிறது.

திருச்சியில் சொந்தமாக வீடு கட்டுகிறோம், தரைத்தளம் மட்டும். வீடு முழுக்க ஆத்தங்குடி டைல்ஸ் போட எனக்கு ஆசை. மேஸ்திரி "அதெல்லாம் மெயின்டெயின் பண்ண முடியாது சார்" என்கிறார். போடலாமா?

- வாசகர், திருச்சி

போடுங்கள், ஆனால் வீடு முழுக்க வேண்டாம். ஹால், பூஜை அறை, படுக்கையறைக்குத் தாராளமாகப் போடலாம். கிச்சனுக்கும் பாத்ரூமுக்கும் கூடாது. ஏன் என்று புரிய, அது எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். காரைக்குடி பக்கம் போகும்போது ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஒரு கண்ணாடித் தகட்டை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, அதன் மேல் பூ வடிவ அச்சை வைப்பார்கள். அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் வண்ணச் சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கை நிற்காமல் போகும். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலக்காமல் நிற்பதைப் பார்ப்பதற்கே போகலாம். பிறகு மேலே உலர்ந்த சிமென்ட் மணல் தூவி, அதன் மேல் ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டுவார்கள். காய வைத்து, தண்ணீரில் ஊற வைத்து, மறுபடி காய வைப்பார்கள். சூளை கிடையாது. கடைசியில் கண்ணாடி கழன்று வரும்போது, கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் நாம் நடக்கப்போகும் பக்கம். பாலிஷ் இயந்திரம் படாமலே அதற்கு அந்த வழவழப்பு அப்படித்தான் வருகிறது.

ஆக, மேலே கிளேஸ் பூச்சு எதுவும் இல்லை, வெறும் சிமென்ட். எலுமிச்சை, புளிக்கரைசல், மோர் சிந்தி அப்படியே கிடந்தால் மேற்பரப்பை அரித்து மங்கலாக்கும். கிச்சனுக்கு வேண்டாம் என்பது இதனால்தான். இதைவிட முக்கியமான ஆபத்து உங்கள் மேஸ்திரியிடமிருந்தே வரும். வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்க்கிற பழக்கம் இருக்கிறதே, அதை ஆத்தங்குடி மேல் செய்தால் முதல் நாளே தீர்ந்தது. ஆசிட் பாட்டிலையே தளத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பெயின்ட் வேலை, ஆசாரி வேலை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத் தரையைப் போடச் சொல்லுங்கள். இதைப் போட்டுப் பழகிய ஆளைக் காரைக்குடிப் பக்கத்திலிருந்தே கூட்டிவருவது நல்லது. டைல்ஸை இடைவெளி இல்லாமல் நெருக்கிப் பதிப்பதும் மட்டம் பார்ப்பதும் தனிக் கைப்பழக்கம். கையால் ஊற்றுவதால் ஒரு ஈடு மாதிரி அடுத்த ஈடு நிறம் வராது. உடைசலுக்கும் சேர்த்து மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

பராமரிப்பு பெரிய விஷயமே இல்லை. தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் போதும், தொடக்கத்தில் அவ்வப்போது கொஞ்சம் தேங்காய் எண்ணெய். நடக்க நடக்கப் பளபளப்பு கூடும். நிறம் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு பூ என்று போகாமல், ஹாலுக்கு ஒரு பூவும் சுற்றிவர ஒரு பார்டரும், படுக்கையறைகளுக்குப் பூ இல்லாத ஒற்றை நிறமும் எடுங்கள். அந்தத் தரை இருக்கும்போது சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை தவிர வேறு எதுவும் தேவையில்லை.

கோவை சரவணம்பட்டியில் முதல்முறையாகத் தனியாக வீடு எடுத்திருக்கிறேன். ஒரு ஹால், ஒரு அறை. ஆணி அடிக்கக் கூடாது, பெயின்ட் மாற்றக் கூடாது என்று ஹவுஸ் ஓனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுவர் பிஸ்தா பச்சை. கையில் பதினைந்தாயிரம்தான் இருக்கிறது. இது என் வீடு என்று எனக்கே தோன்ற என்ன செய்யலாம்?

- வாசகி, கோவை

முதல் செலவு பல்பு. வாடகை வீடுகளில் மாட்டியிருக்கும் ட்யூப் லைட் பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. அந்த வெளிச்சத்தில்தான் பிஸ்தா பச்சை ஆஸ்பத்திரி மாதிரி தெரிகிறது. பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்ட, மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு இரண்டு வாங்கி, ஒன்றை ஹாலில் தரையில் வைக்கும் விளக்கிலும் ஒன்றைக் கட்டில் பக்கத்திலும் போடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ட்யூப் லைட்டைப் போடாதீர்கள், சமைக்கும்போது தவிர. அதே சுவர் வேப்பிலைக் கொழுந்து நிறத்துக்கு வந்துவிடும். வெள்ளை வெளிச்சத்தில் இரவுச் சாப்பாடு சாப்பிட எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அதனால் இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்து துணி. நீங்கள் இருக்கும் ஊருக்குத் துணி விஷயத்தில் குறையே கிடையாது. ஈரோட்டுச் சந்தையில் காடா துணி மீட்டர் கணக்கில் வாங்குங்கள். வெளுக்காத, சாயம் போடாத பருத்தி. துவைத்துச் சுருங்க விட்ட பிறகு திரையாகத் தைக்கக் கொடுங்கள். முதலில் தைத்து அப்புறம் துவைத்தால் தரையிலிருந்து அரை அடி மேலே ஏறி நிற்கும். ஆணி அடிக்க முடியாததால், ஜன்னல் சட்டத்துக்குள் இறுக்கி நிற்கும் ஸ்பிரிங் கம்பி போதும். சென்னிமலையில் ஒரு போர்வை. பவானியில் ஒரு ஜமுக்காளம், பச்சைச் சுவருக்குச் சிவப்பு அல்லது கருநீலக் கோடு போட்டது எடுங்கள். இவ்வளவுக்கும் பாதிப் பணம் கூடச் செலவாகாது. மீதியில் உங்களுக்கு அளவாக ஒரு நல்ல மேஜை வாங்குங்கள், மரத்தில். அடுத்த வீட்டுக்கும் அது கூட வரும். சுவரில் மாட்ட நினைக்கும் படத்தை அந்த மேஜை மேல் சாய்த்து வையுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் இல்லாவிட்டால் வீடு முடிந்த மாதிரியே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

- வாசகர், மதுரை

இல்லை. ஃப்ளாட்டில் தரையிலிருந்து கூரைக்கு ஒன்பதரை, பத்து அடிதான் இருக்கும். அதில் அரை அடியை அட்டைக்குக் கொடுத்துவிட்டால் ஃபேன் இன்னும் கீழே இறங்கும், பல்லிக்கும் தூசிக்கும் ஒரு மாடி கட்டிக்கொடுத்த கணக்காகும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் சூடு தாங்கவில்லை என்றால், முதலில் மாடியில் கூல் டைல்ஸ் அல்லது வெள்ளைப் பூச்சு போடுங்கள். சூட்டைக் கூரைக்கு மேலேயே தடுப்பதுதான் சரி. ஏசி பைப்பையோ ஒயரையோ மறைக்க வேண்டிய ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை போட்டுக்கொள்ளலாம்.

என் மகள் ஓ.எம்.ஆரில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோயிருக்கிறாள். வேலைக்குப் போகிறாள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஹாலில் ஒரு பாயும் புத்தக அலமாரியும் இரண்டு செடியும்தான். கேட்டால் "இப்படித்தான்மா எனக்குப் பிடிச்சிருக்கு" என்கிறாள். சொந்தக்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள். ஒரு ஷோகேஸும் சோஃபா செட்டும் வாங்கி அனுப்பிவிடலாமா என்று பார்க்கிறேன். தப்பாக நினைப்பாளா?

- ஒரு தாய், கும்பகோணம்

அனுப்ப வேண்டாம். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பாதிப் பேர் வருஷக்கணக்காகத் தேடுவதை உங்கள் மகள் முதல் வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டாள். பாய், புத்தகம், செடி. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் அனுப்பும் ஷோகேஸை அவளால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, பிடிக்கவும் பிடிக்காது. அதற்குள் வைக்கப் பொம்மை வாங்க வேண்டும், அப்புறம் அதைத் துடைக்க வேண்டும். சொந்தக்காரர்கள் கேட்டால் "அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். தாய் அப்படிச் சொன்ன பிறகு யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள்.

ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், நாச்சியார்கோயில் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மகள் ஊருக்கு வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போய், அவள் கையாலேயே ஒரு குத்துவிளக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மேலே அன்னம் வைத்தது வேண்டுமா, வேலைப்பாடு குறைந்த வெறும் கடைசல் வேண்டுமா என்று அவளே சொல்லட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். பாகம் பாகமாகக் கழற்றி மாட்டும் திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தேய்க்கவும் சுலபம், பஸ்ஸில் பையில் போட்டு எடுத்துப் போகவும் சுலபம். உட்காரப் பாய் போதாது என்று உங்களுக்குத் தோன்றினால், பத்தமடைப் பாயில் கெட்டி ரகம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அதிலும் கோரையின் நிறத்தை அவளிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். முழங்கால் வலியோடு நீங்கள் அங்கே போய்த் தங்கும்போது உட்கார உங்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும். அதைத் தயங்காமல் கேளுங்கள். "எனக்கு ஒன்னு வேணும்டி, நீயே பார்த்து வாங்கி வை" என்று சொன்னால் சந்தோஷமாக வாங்கி வைப்பாள்.